ரோமானிய வீட்டின் தரைக்குக் கீழே: முந்தைய கட்டிடத்தை அகழ்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ரோமானியர் கால வீடு ஒன்றை அகழ்ந்து முடித்தாயிற்று. சுவர்களின் அடிப்பகுதி தெரிகிறது, எந்த அறை எங்கே என்பது பிடிபட்டுவிட்டது, ஓரிரு அறைகளில் தரையும் அப்படியே இருக்கிறது. இனி அதற்குக் கீழே போக வேண்டும்.

இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தினால் அடியில் இன்னொரு வீடு முழுசாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிரிட்டன் போன்ற மாகாணங்களில் கல்வீட்டுக்கு முன்பு நின்றது பெரும்பாலும் மரமும் மண்ணும் கூரைப்புல்லும். மரம் மக்கிவிட்டது, மண் மண்ணோடு கலந்துவிட்டது, உருப்படியான சாமான்களைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பது தூண் நின்ற குழி, அடிக்கட்டை கிடந்த பள்ளம், அடுப்புச் சூட்டில் சிவந்த களிமண், இவ்வளவுதான். ஆகவே இந்த வேலையில் பாதிக்கு மேல் மண்ணின் நிறத்தையும் இறுக்கத்தையும் படிப்பதிலேயே போகும்.

இந்த வழிகாட்டி முழுக்கத் துணைக்கு வரப்போகும் இடம் தெற்கு இங்கிலாந்தின் சில்செஸ்டர். ரோமானியர் வருமுன் அட்ரெபாட்டீஸ் மக்களின் ஊர், பிறகு கலேவா அட்ரெபாட்டும் என்ற ரோமானிய நகரம், அதன்பின் யாரும் குடியேறாமல் வயலாகவே கிடந்த நிலம். அங்கே ஒன்பதாம் மனைத்தொகுதியில் (நாலு பக்கமும் தெருக்கள் சூழ்ந்த ஒரு கட்டம்) ரெடிங் பல்கலைக்கழகம் 1997 முதல் 2014 வரை கோடைக்குக் கோடை அகழாய்வு நடத்தியது. கல்லால் கட்டிய வீடுகள் நிறைந்த இத்தாலியில் கதை வேறு மாதிரி இருக்கும் என்பதால் பாம்பெய்யையும் இடையிடையே எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: அனுமதியும் பழைய குழிகளும்

பிரிட்டனில் இத்தகைய இடங்கள் பலவும் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மண்வெட்டியை வைக்கவே முடியாது. இத்தாலியில் அனுமதி பண்பாட்டு அமைச்சகத்தின் கையில். விண்ணப்பத்தில் எந்த அறையில், எந்த ஆழம் வரை, எந்தத் தரையைத் தொடாமல் என்று தெளிவாகக் கேட்பார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே அதற்குப் பதில் எழுத வேண்டும்.

அடுத்து, உங்களுக்கு முன்னால் அங்கே தோண்டியவர்கள் யார் என்று பாருங்கள். சில்செஸ்டரில் லண்டன் தொல்பொருள் சங்கத்தார் 1890 முதல் 1909 வரை மதிலுக்குள் இருந்த நகரத்தைத் தோண்டினார்கள். ஒன்பதாம் தொகுதிக்கு 1893இல் வந்தார்கள். நீளமாக வாய்க்கால் வெட்டுவது, கல்சுவர் தட்டுப்பட்டதும் அதைப் பின்தொடர்வது, இதுதான் அவர்களின் முறை. கல் வீடுகளை அழகாக வரைபடத்தில் ஏற்றினார்கள். மரக் கட்டிடங்கள் அவர்கள் கண்ணில் படவில்லை.

அவர்களைத் திட்டுவதில் லாபமில்லை. அவர்கள் வெட்டிய வாய்க்கால்களில் இருப்பது கலைந்த மண். அதை முதலில் அள்ளிவிட்டால் அந்த வாய்க்காலின் பக்கச் சுவர்களில் மண் அடுக்குகள் வெட்டுமுகமாகத் தெரியும். நீங்கள் புதிதாக எதையும் அழிக்காமலேயே வீட்டுக்குக் கீழே எத்தனை அடுக்கு, எங்கே குழி, எங்கே தரை என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். பழைய குழி எதைக் கண்டாலும் முதல் நாளே அதைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

படி 2: மேலே இருக்கும் வீட்டையே துப்பாகப் படியுங்கள்

வீட்டைத் தொடும் முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, திசை. சில்செஸ்டரின் ரோமானியத் தெருக்கள் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் கட்டம் கட்டமாகப் போகின்றன. ஆனால் ஒன்பதாம் தொகுதியில் ‘முதல் வீடு’ என்று பெயரிடப்பட்ட வீடு அந்தக் கட்டத்துக்கு ஒத்துவராமல் கோணலாக நின்றது. வயலில் கோணலாகக் கட்ட யாருக்கும் அவசியமில்லை. வீட்டுக்குக் கீழே போனபோது காரணம் கிடைத்தது. ரோமானியருக்கு முந்தைய இரும்புக்கால ஊரின் சந்துகளும் மனைகளும் அதே கோணலில்தான் கிடந்தன. தெருக்கட்டம் வந்த பின்னும் அந்த மனைக்காரர்கள் தங்கள் பழைய எல்லையை விடவில்லை போலும்.

இரண்டு, தொய்வு. தரையோ சுவரோ ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தால் அதன் கீழே பழைய குழியோ கிணறோ இருக்க வாய்ப்பு அதிகம். குழியில் போட்ட குப்பை மக்கி அமுங்க அமுங்க மேலே உள்ளதும் இறங்கும். ஒவ்வொரு அறையின் தரை மட்டத்தையும் ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி என்று எடுத்துச் சமஉயரக் கோடு போட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

படி 3: எதை எடுப்பது, எதை விடுவது

இந்த வேலையில் மிகவும் சங்கடமான கட்டம் இது. கீழே போக வேண்டுமானால் மேலே உள்ளதை எடுக்க வேண்டும். எடுத்தது திரும்ப வராது.

என் கருத்து இது: நல்ல நிலையில் உள்ள மொசைக் தரையை ஆவலுக்காக மட்டும் பெயர்க்கக் கூடாது. பெயர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அந்த வாய்ப்பை வீணாக்கவும் கூடாது. இங்கிலாந்தின் ஃபிஷ்போர்ன் அரண்மனையில் டால்பின் மேல் அமர்ந்த காமன் மொசைக் உலகப் பிரசித்தம். பழுதுபார்ப்பதற்காக அதைப் பெயர்த்து எடுத்தபோது அடியில் கறுப்பு வெள்ளையில் இன்னொரு மொசைக் இருந்தது. மராமத்துக்கு என்று தொடங்கிய வேலை ஒரு முந்தைய கட்டத்தையே காட்டிக்கொடுத்தது.

பாம்பெய்யில் பொதுவான வழி, கி.பி. 79இல் எரிமலை வெடித்து நகரை மூடியபோது இருந்த தரை ஏற்கெனவே சிதைந்துபோன அறைகளில் மட்டும் கீழே இறங்குவது. அப்படிச் செய்தால் முழு வரைபடம் ஒருபோதும் கிடைக்காது. ஆறு அறைகளில் ஆறு ஜன்னல் வழியாகக் கீழ்க் கட்டிடத்தை எட்டிப் பார்ப்போம், நடுவில் உள்ளதை ஊகிப்போம். அதனால் எந்த ஜன்னலை எங்கே திறப்பது என்பதில் சூதானம் வேண்டும். பழைய சுவர் இரண்டு சந்திக்கக்கூடிய மூலைகள், வாசல், நடுமுற்றத்தின் ஓரம் ஆகிய இடங்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். அறையின் நட்டநடுவில் குழி போட்டால் பெரும்பாலும் நிரப்பு மண்ணைத்தான் அள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

படி 4: ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு எண்

ஒரு தரை, ஒரு நிரப்பு மண், ஒரு வெட்டு, ஒரு சுவர் என எல்லாவற்றுக்கும் தனித்தனி அலகு எண். குழியும் அதை நிரப்பிய மண்ணும் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள், ஆகவே இரண்டு எண்கள். இதைப் புதிதாக வருபவர்கள் ஒப்புக்கொள்ளவே சில நாளாகும்.

எண்களுக்குள் எது முந்தியது, எது பிந்தியது என்பதை வரைபடமாக்குவதற்கு எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த அட்டவணைதான் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அதைக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து அன்றன்றே போட வேண்டும். வருடக் கடைசியில் அலுவலகத்தில் போடலாம் என்று விட்டால் இரண்டு எண்களுக்கு நடுவே என்ன உறவு என்று யாருக்கும் நினைவிருக்காது, அந்த மண்ணும் இருக்காது.

தரைப்படம் 1:20 அளவில், வெட்டுமுகம் 1:10 அளவில். பல கோணங்களில் புகைப்படம் எடுத்து முப்பரிமாண உருவாக்குவது இப்போது சுலபமாகிவிட்டது, செய்யுங்கள். கையால் வரைவதையும் விடாதீர்கள். வரையும்போதுதான் ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் வரும். கேமரா அந்த முடிவை உங்களுக்காக எடுக்காது.

படி 5: சுவரின் காலடி

இங்கே நிதானமாக இருங்கள். முந்தைய கட்டிடத்துக்கும் பிந்தைய வீட்டுக்கும் உள்ள உறவு முழுக்க, வீட்டுச் சுவருக்காக வானம் தோண்டிய அந்தக் குறுகிய பள்ளத்தில் அடங்கியிருக்கிறது.

சுவரின் ஓரமாகத் தரை மண்ணைக் கரணையால் மென்மையாகச் சுரண்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுவருக்கு இணையாக ஒரு பட்டை சற்று வேறு நிறத்தில் ஓடும். அதுதான் கடைக்கால் பள்ளத்தின் விளிம்பு. இப்போது ஒவ்வொரு அடுக்கையும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: இந்த அடுக்கை அந்தப் பள்ளம் வெட்டியிருக்கிறதா, அல்லது இந்த அடுக்கு பள்ளத்தின் மேல் படர்ந்து சுவரைத் தொடுகிறதா? வெட்டுப்பட்டது வீட்டுக்கு முந்தியது. படர்ந்து வந்து சுவரில் முட்டுவது வீட்டோடு சேர்ந்தது அல்லது அதற்குப் பிந்தியது.

சொல்வதற்கு எளிது. சில கட்டிடங்களில் பள்ளத்தை அகலமாக வெட்டாமல், சுவர் அகலத்துக்கே வெட்டிக் கல்லையும் சாந்தையும் நேராகக் கொட்டியிருப்பார்கள். அங்கே பட்டையே தெரியாது. சுண்ணாம்புச் சாந்து பிதுங்கி எந்த மண்ணில் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒட்டிய மண் அந்தச் சுவருக்கு முன்பே அங்கே இருந்தது என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கல், சுவரே இல்லாத சுவர். ரோமானிய வீடு கைவிடப்பட்ட பின் அதன் கல்லை வேறு கட்டிடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். சுவர் இருந்த இடத்தில் உடைந்த சாந்தும் சில்லுக் கற்களும் நிறைந்த பள்ளம் மட்டும் மிஞ்சும். பெயர்த்தவர்கள் கடைக்காலின் விளிம்பையும் சேர்த்துத் தின்றிருந்தால் அடுக்குகளுக்கும் சுவருக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. அந்த இடத்தில் வலிந்து உறவு கண்டுபிடிக்காமல், தெரியவில்லை என்றே அட்டவணையில் குறிக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் ஒரு வரிசைக் கல்லாவது தப்பியிருக்கும் இடத்துக்குப் போய் அங்கே பாருங்கள்.

படி 6: தரையை உரிப்பது

ரோமானிய வீட்டில் ஒரு தரை என்று நாம் சொல்வது பல நேரங்களில் ஏழெட்டு அடுக்கு. மேலே ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும் கலந்து இடித்த சுர்க்கித் தரை, அதன் கீழே கல் ஜல்லி, அதற்கும் கீழே மட்டம் பார்க்கக் கொட்டிய மண். முந்தைய கட்டிடத்தை இடித்த கழிவையே இந்த மட்ட மண்ணாகப் பயன்படுத்துவது சர்வசாதாரணம். அதில் பூச்சு ஒட்டிய சுண்ணாம்புத் துண்டு, வண்ணம் தீட்டிய சுவர்ப்பூச்சு, சுட்ட களிமண் கட்டி எல்லாம் கிடைக்கும். பூச்சுத் துண்டின் பின்புறத்தைப் பாருங்கள். அதில் மூங்கில் தட்டி போன்ற பதிவு இருந்தால், அது வரிச்சு கட்டி மண் அப்பிய சுவரில் இருந்தது. ஒரு தடத்தையும் தோண்டும் முன்பே, கீழே நின்றது என்ன வகைச் சுவர் என்று தெரிந்துவிடுகிறது.

அறைக்குக் கீழே வெப்பக் காற்று போக வழிசெய்த வீடாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அதற்காக ஆழமாகத் தோண்டியதில் பழைய தடங்கள் பெரும்பாலும் போயிருக்கும்.

படி 7: மரக் கட்டிடத்தைக் கண்டுபிடிப்பது

மட்ட மண்ணை எடுத்ததும் அறை முழுவதையும், முடிந்தால் பக்கத்து அறைகளையும் சேர்த்து, ஒரே மட்டத்தில் கரணையால் சுத்தம் செய்யுங்கள். காலையில் வெயில் சாய்வாக விழும்போதும், மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்திலும் தடங்கள் நன்றாகத் தெரியும். காய்ந்து வெளுத்த மண்ணில் எதுவும் தெரியாது. பார்த்ததும் தோண்டாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் குறித்து வரைந்துவிடுங்கள்.

தேட வேண்டியவை இவை. வட்டமாகவோ சதுரமாகவோ உள்ள தூண் குழி. அதற்குள் இன்னொரு சிறு வட்டம் கறுப்பாகத் தெரிந்தால் அது தூணே நின்ற இடம், சுற்றிலும் உள்ளது தூணை இறுக்கப் போட்ட மண்ணும் கல்லும். ஒரே அகலத்தில் நேராக ஓடும் பள்ளம் என்றால் தரையோடு படுக்க வைத்த அடிக்கட்டை கிடந்த இடம், அதன் மேல்தான் சுவர்ச்சட்டம் நின்றது. விரல் தடிமனில் வரிசையாகப் புள்ளிகள் என்றால் வரிச்சுக் குச்சிகள்.

தூண் குழியை எப்போதும் பாதி பாதியாக எடுங்கள். ஒரு பாதியை எடுத்தால் நடுவில் வெட்டுமுகம் கிடைக்கும். தூண் அங்கேயே மக்கியதா, பிடுங்கப்பட்டதா என்பதை அந்த வெட்டுமுகம் சொல்லும். மக்கியிருந்தால் கறுப்புத் தடம் செங்குத்தாக, ஒழுங்காக இருக்கும். பிடுங்கியிருந்தால் ஒரு பக்கம் சரிந்து வாய் அகன்றிருக்கும். வீட்டைக் கைவிட்டார்களா, திட்டமிட்டுப் பிரித்தார்களா என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சின்ன வெட்டுமுகம்தான் சாட்சி.

பிறகு வரும் சோதனை, எந்தக் குழி எந்தக் குழியோடு சேரும் என்பது. நூறு குழிகள் கிடக்கும் இடத்தில் எந்தக் கட்டிடத்தையும் கண்டுபிடித்துவிடலாம், வரைபடத்தில் கோடு இழுக்க மனம் துறுதுறுக்கும். ஆழம், அகலம், நிரப்பு மண், இடைவெளி நான்கும் ஒத்துப்போனால் மட்டும் ஒரே சுவர் என்று சொல்லுங்கள். சில்செஸ்டரில் இரும்புக்காலக் கடைசியைச் சேர்ந்த சுமார் 50 மீட்டர் நீளமான பெரிய மண்டபம் ஒன்று இப்படித்தான் தடங்களிலிருந்து உருவெடுத்தது. அவ்வளவு நீளமான ஒன்றைச் சிறு சிறு குழிகளில் தோண்டியிருந்தால் கண்டிருக்கவே முடியாது. பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் பழக்கிவிட்ட கட்டக் குழிமுறை, அதாவது சதுரங்களாகத் தோண்டி நடுவே மண்சுவர்களை விட்டுவைப்பது, வெட்டுமுகம் பார்க்க அருமை. மரக் கட்டிடத்துக்கு அது எதிரி. முக்கியமான தூண் குழி எப்போதும் அந்த மண்சுவருக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும்.

தீப்பிடித்த கட்டிடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். லண்டனுக்கு வடக்கே வெருலேமியத்தில், பதினான்காம் மனைத்தொகுதியில் ஷெப்பர்ட் ஃப்ரெர் 1955 முதல் 1961 வரை அகழ்ந்தார். பிற்காலக் கல் கட்டிடங்களுக்கு அடியில் மரத்தாலான கடை வரிசை, கி.பி. 60 அல்லது 61இல், ரோமானியரை எதிர்த்து எழுந்த பிரிட்டன் அரசி பௌடிக்காவின் கலகத்தில் எரிந்தது. அதே இடத்தில் மரத்தாலேயே மறுபடி மறுபடி கட்டினார்கள், இரண்டாம் நூற்றாண்டில் இன்னொரு பெருந்தீ வரும் வரை. எரிந்த களிமண் சுவர் செங்கல் போல இறுகிவிடுவதால் வரிச்சின் அச்சு முதற்கொண்டு மிஞ்சும். ஆண்டு தெரிந்த தீ என்பதால் அந்தச் சிவப்பு அடுக்குக்கு மேலே உள்ளது எல்லாம் பிந்தியது, கீழே உள்ளது எல்லாம் முந்தியது என்று திட்டமாகச் சொல்லலாம்.

படி 8: குழிகளும் கிணறுகளும்

1.2 மீட்டருக்கு மேல் ஆழம் போகும்போது பக்கவாட்டில் முட்டுக்கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பழைய கிணற்று மண் எச்சரிக்கை கொடுக்காமல் சரியும்.

ஒவ்வொரு நிரப்பு மண்ணிலிருந்தும் 40 முதல் 60 லிட்டர் எடுத்துத் தண்ணீரில் மிதக்க விட்டு, மிதப்பதை மிக நுண்ணிய சல்லடையில் பிடியுங்கள். கருகிய தானியமும் விதையும் இப்படித்தான் கிடைக்கும். தண்ணீர் தேங்கிய கிணற்றடி மண் என்றால் கருகாத விதைகூட மிஞ்சியிருக்கும், அதைக் காயவிடாமல் ஈரத்தோடே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சில்செஸ்டரில் இரும்புக்காலக் கிணறு ஒன்றின் மண்ணில் ஒரு ஆலிவ் கொட்டை கிடைத்தது. ரோமானியப் படை வருவதற்கு முன்பே அந்த ஊரார் தென் ஐரோப்பிய உணவுக்குப் பழகியிருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு கொட்டை சாட்சி. கையால் பொறுக்கியிருந்தால் குப்பையோடு போயிருக்கும்.

இன்னொன்று. ரோமானிய வீடுகளில் பிறந்து சில நாளே ஆன சிசுக்களைத் தரைக்கடியிலும் சுவரோரத்திலும் புதைக்கும் வழக்கம் இருந்தது. அந்த எலும்புகள் அவ்வளவு மெல்லியவை, பறவை எலும்பு என்று நினைத்துப் பைக்குள் போட்டுவிடுவார்கள். சந்தேகம் வந்தால் உடனே நிறுத்துங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மனித எலும்பை எடுப்பதற்குத் தனி உரிமம் வேண்டும்.

படி 9: காலம் சொல்வது

மூடப்பட்ட அடுக்கில் உள்ள மிகப் புதிய பொருள், அந்த அடுக்கு எதற்குப் பிறகு உருவானது என்பதை மட்டுமே சொல்லும். சுர்க்கித் தரைக்குக் கீழே கி.பி. 71இல் அடித்த காசு கிடைத்தால் தரை 71க்குப் பிந்தியது, அவ்வளவே. அதே மண்ணில் இரண்டாம் நூற்றாண்டில் மத்திய கோல் நாட்டில் (இன்றைய பிரான்ஸ்) செய்த சிவப்புப் பளபளப்புப் பானை ஓடு ஒன்றும் கிடைத்தால் காசு சொன்னது பயனற்றதாகிவிடும். சிவப்புப் பாண்டத்தின் அடியில் குயவர் முத்திரை இருந்தால் இன்னும் நெருங்கலாம். 1945இல் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டின் காலத்தை நிறுவியதும் இத்தாலியிலிருந்து வந்த இதே ரகச் சிவப்புப் பாண்டங்களைக் கொண்டுதான்.

பழைய குழியைத் தோண்டிய மண் மேலே வந்து கலந்திருக்கும், ஆகவே ஓர் அடுக்கில் பழைய ஓடுகளே அதிகமாக இருந்தாலும் ஏமாறாதீர்கள். எண்ணிக்கைக்கு இங்கே மதிப்பில்லை, மூடிய அடுக்கில் உறுதியாகக் கிடைத்த ஒரே ஒரு புதிய துண்டு போதும். எலி வளை வழியாக இறங்கியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரின் பாணியை வைத்துக் காலம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு பாம்பெய்யின் ‘அறுவை மருத்துவர் வீடு’ உதாரணம். 1771 வாக்கில் வெளிப்பட்ட வீடு அது, அங்கே கிடைத்த அறுவைக் கருவிகளால் அந்தப் பெயர். சார்னோ சுண்ணக்கல்லைப் பெரிய பாளங்களாக அடுக்கிய அதன் முகப்பைப் பார்த்து, நகரின் மிகப் பழைய வீடுகளில் ஒன்று, கி.மு. நான்காம் அல்லது மூன்றாம் நூற்றாண்டு என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவந்தார்கள். இத்தாலியத் தொல்லியலாளர் அமெடியோ மையூரி 1926இல் அங்கே தரைக்கடியில் பார்த்தார். 1990களில் தொடங்கிய ஆங்கிலேய அமெரிக்கக் கூட்டுத் திட்டம் இன்னும் கவனமாகத் தோண்டியதில், வீடு கட்டப்பட்டது கி.மு. 200 வாக்கிலோ அதற்குப் பின்னரோ என்று தெரிந்தது. அதற்கும் கீழே வேறொரு முந்தைய கட்டமைப்பு இருந்தது. ஒரு வீட்டின் வயது அதன் தரைக்கடியில் இருக்கிறது, முகப்பில் இல்லை.

படி 10: நிறுத்துவதும் மூடுவதும்

மனிதக் கை படாத கன்னி மண்ணைத் தொட்டால் நிறுத்தலாம். ஆனால் நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு மூலையில் இன்னும் 30 செ.மீ. இறங்கிப் பாருங்கள். வெள்ளம் கொண்டுவந்த மண்ணும், பாம்பெய்யில் முந்தைய எரிமலை வெடிப்புகளின் சாம்பலும், கன்னி மண் போலவே வேஷம் போடும்.

மூடும்போது தோண்டிய பரப்பின் மேல் நீர் ஊடுருவும் துணியை விரித்து, அதற்கு மேல் மணல் அல்லது சலித்த மண். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அடியில் ஈரம் தேங்கிச் சாந்தைக் கெடுக்கும். அடுத்து தோண்ட வருபவருக்கு எங்கே நிறுத்தினீர்கள் என்று தெரிய வேண்டும், அதனால் தேதி தெரிந்த ஒரு நாணயத்தைத் துணியின் மேல் போட்டுவைப்பது பலரின் வழக்கம்.

பணத்தில் பாதியையாவது தோண்டிய பிறகு வரும் வேலைக்கு ஒதுக்கி வையுங்கள். சில்செஸ்டரில் மேல் அடுக்குகள் பற்றிய முதல் நூல் 2006இலேயே வந்துவிட்டது. கடைசிக் குழியை 2014இல் மூடிய பிறகும், இரும்புக்காலக் கட்டிடங்களைப் பற்றிய நூல் வெளிவர 2018 ஆயிற்று.